பூட்ஸ் தேயும் முன்பே

(வேலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வேலூரில் நின்று இராணுவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1806இல் தொடங்குவது வழக்கம். நானும் அங்கேதான் தொடங்குகிறேன், காரணம் மட்டும் வேறு. அந்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்ததை வீரக் கதையாகப் படித்திருக்கிறோம். அதை ஒரு கொள்முதல் கதையாகவும் படிக்கலாம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் உடை விதிகள் மாற்றப்பட்டன. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தலைக்கு ஒரு புதுமாதிரித் தலைப்பாகை, அதன் முகப்பில் தோலால் செய்த ஒரு சின்னம். எந்த விலங்கின் தோல் என்று சிப்பாய்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டுத்தோல் என்று இந்துக்களும் பன்றித்தோல் என்று முஸ்லிம்களும் கலங்கினார்கள். 1806 மே மாதத்தில் இதே கோட்டையில் இருந்த ஒரு பட்டாலியன் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தது. அதை முறையீடாக எடுத்துக்கொண்டிருக்கலாம். மேலிடம் அதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொண்டு இருவருக்கு 900 கசையடி விதித்தது. இரண்டே மாதத்தில் கோட்டை பற்றி எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் மடிந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி படையோடு வந்த பிறகு கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூறு. அடுத்த ஆண்டு லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் ஆளுநர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிராடக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

கிளர்ச்சிக்கு அது ஒன்றே காரணம் அல்ல. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள், அரசியல் இருந்தது, கம்பெனி மீது ஊறிப்போன வெறுப்பும் இருந்தது. ஆனாலும் கணக்குக் கேட்கும் முறை என்ற ஒரு கோணத்தில் மட்டும் பாருங்கள். ஒரு தலைப்பாகையைப் பற்றிய கேள்வி, அதைத் தைப்பதற்கு முன் கேட்கப்படவில்லை. கேட்டவன் முதுகில் கசையடி விழுந்தது. கேட்கும் அதிகாரம் உள்ளவர்கள் கேட்டபோது பிணங்களை எடுத்தாகிவிட்டது. விசாரணை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது, நடந்தது. நேரம்தான் தப்பிப்போனது.

நம் நாடாளுமன்றம் பாதுகாப்புச் செலவைப் பார்க்கும் விதத்திலும் அதே பிழை இருக்கிறது என்பதுதான் இன்று என் வாதம். 'நாடாளுமன்றம் தூங்குகிறது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது உண்மையுமல்ல. குழுக்கள் இருக்கின்றன, தணிக்கை இருக்கிறது, நல்ல அறிக்கைகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கண் திறக்கும்போது பணம் போயிருக்கிறது, சரக்கு வந்திருக்கிறது, சில வேளைகளில் சரக்கு வராமலே ஒரு குளிர்காலம் கழிந்திருக்கிறது. இதைக் காட்ட விமானத்தையும் பீரங்கியையும் முதலில் எடுக்கப்போவதில்லை. பூட்ஸை எடுக்கிறேன். பூட்ஸில் இராணுவ இரகசியம் கிடையாது. சிப்பாயின் காலில் எது இருக்கிறது என்று சந்தையில் நிற்கிற சிறுவனுக்கும் தெரியும். அந்தப் பொருளையே நேரத்தோடு பார்க்கத் தெரியாத ஒரு மன்றம் ஏவுகணையை எப்படிப் பார்க்கும்?

பூட்ஸைப் பற்றிப் பேச இந்த வட்டாரத்துக்குத் தனி உரிமையும் உண்டு. முதல் உலகப்போரின் நடுவில், 1916இல், சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் முழுவதையும் பிரிட்டிஷ் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய அந்தத் தோல் கப்பலேறிப் போய், பிரான்சின் சேற்றில் நின்ற சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் ஆனது. நம் தோல் வியாபாரம் போரை முதலில் தெரிந்துகொண்டது லாபநட்டக் கணக்கு வழியாகத்தான். இன்னொரு பக்கம், வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த, இருக்கிற ஊர் என்று அதற்கு 'மிலிட்டரிப்பேட்டை' என்றே பெயர் விழுந்துவிட்டது. பூட்ஸுக்குத் தோல் கொடுக்கிறவரும் பூட்ஸுக்குள் கால் நுழைக்கிறவரும் ஒரே வட்டாரத்தில் வாழ்வது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஒரு ஏற்றுமதிச் சரக்கு கிளம்புவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெல்லியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பினிஷ் ஆன தோலை வெளிச்சத்தில் பிடித்து விரலால் மடக்கிப் பார்ப்பார்கள், மேல்புறம் தளர்ந்து சுருங்குகிறதா என்று. கழுத்துப்பக்கம், வயிற்றுப்பக்கம், முதுகுப்பக்கம் எல்லாவற்றிலும் கேஜ் வைத்துத் தடிமன் அளப்பார்கள். மேல்தோலையும் (அப்பர்) அடிப்பாகத்தையும் (சோல்) இழுத்துப் பிரித்துப் பார்க்கும் சோதனை உண்டு. மடக்கி மடக்கித் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு என்றால் ஒரு கிலோ தோலில் ஆறாம் நிலைக் குரோமியம் 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. 2015 மே முதல் அங்கே அது சட்டம். கடைசியில் வாங்குபவரின் தரப் பரிசோதகர், அதாவது க்யூசி, வந்து, பெட்டிகளில் தனக்குத் தோன்றியதைப் பிரித்து, ஒரு ஜோடியில் இடதும் வலதும் ஒரே சாயலில் இருக்கிறதா என்பது வரை பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் சரக்கு நிற்கும். முதலாளிக்குக் கோபம் வரும், தொழிலாளிக்கு ஓவர்டைம் வரும், ஆனாலும் சரக்கு நிற்கும். பார்வை எப்போதும் கப்பலுக்கு முன்னால். லண்டன் கடையில் அந்தச் செருப்பை வாங்கியவர் இரண்டு ஆண்டு போட்டுத் தேய்த்த பிறகு, 'இந்தத் தோல் சரியில்லை' என்று அறிக்கை அனுப்பும் க்யூசியை எந்தக் கம்பெனியும் வேலைக்கு வைத்துக்கொள்ளாது. நாடு மட்டும் வைத்திருக்கிறது.

இனி டெல்லிக்குப் போவோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. இதில் 1.80 லட்சம் கோடி மூலதனச் செலவு: விமானம், கப்பல், பீரங்கி. 1.60 லட்சம் கோடிக்கு மேல் ஓய்வூதியம். செய்தித்தாள்கள் பேசுவதெல்லாம் மூலதனத்தைப் பற்றித்தான். பூட்ஸ், கம்பளி, கூடாரம், உதிரிப்பாகம், குண்டு எல்லாம் வருவாய்ச் செலவு. அதற்கென்று ஒரு தனிக் கையேடு உண்டு. 2009இல் வந்தது, 2025 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் அளவிலான கொள்முதல் அந்தக் கையேட்டின்படி நடக்கிறது. இந்தத் தொகையைப் பற்றி மக்களவையில் ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

நடைமுறை இப்படி. பிப்ரவரி முதல் தேதி நிதிநிலை அறிக்கை. சில வார இடைவேளையில் பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளைப் பார்க்கிறது. இந்த நிலைக்குழு முறை 1993இல் வந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் விதிகளில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று, குழுவின் அறிக்கை எந்த ஒதுக்கீட்டையும் வெட்டச் சொல்லும் தோரணையில் இருக்கக்கூடாது. மற்றொன்று, அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகத்துக்குள் குழு நுழையக்கூடாது. பூட்ஸ் வாங்குவது அன்றாட நிர்வாகமா, கொள்கையா? பனிமலையில் நிற்பவனைக் கேட்டால் ஒரு பதில் வரும், அமைச்சக அதிகாரியைக் கேட்டால் வேறு பதில் வரும். குழுவின் ஆயுளோ ஓராண்டு. கணக்கு பிடிபடும் நேரத்தில் உறுப்பினர் மாறிவிடுவார்.

இவ்வளவு கட்டுகளுக்குள்ளும் குழு என்ன செய்ய முடியும் என்பதற்கு 2018 ஒரு சாட்சி. அப்போது குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி, ஆளும் கட்சிக்காரர். அவர் குழுவின் முன்னால் வந்த தரைப்படைத் துணைத் தளபதி சரத் சந்த், படையின் தளவாடங்களில் 68 சதவீதம் பழங்காலத்தவை, புத்தம் புதிய தொழில்நுட்பம் 8 சதவீதம்தான், அந்த ஆண்டு ஒதுக்கீடு தங்கள் எதிர்பார்ப்பைக் கலைத்துவிட்டது என்று பொருள்படச் சொன்னார். அதிகாரி ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம். குழு அதை மறைக்காமல் அச்சிட்டு மார்ச் 13ஆம் தேதி அவையில் வைத்தது. மறுநாள், மார்ச் 14ஆம் தேதி, மக்களவை அந்த ஆண்டின் எல்லாத் துறை மானியக் கோரிக்கைகளையும் விவாதமில்லாமல் கில்லட்டின் முறையில் நிறைவேற்றிவிட்டது. சுமார் அரை மணி நேரம் ஆனது. அவையில் அமளி, அதனால் வேறு வழியில்லை என்றார்கள். அமளிக்குப் பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு அறிக்கை மேசைக்கு வந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்காமல், அது எச்சரித்த ஒதுக்கீடு அப்படியே நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் கந்தூரிக்குப் பதில் வேறொருவர் குழுத் தலைவரானார். 2023 மார்ச்சிலும் மக்களவையில் அத்தனைக் கோரிக்கைகளும் விவாதமின்றித்தான் நிறைவேறின.

முன்னால் பார்க்கவேண்டிய கண் இப்படி மூடியிருக்க, பின்னால் பார்க்கும் கண்ணாகிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் வேலை என்னவாகிறது? சியாச்சின், லடாக் போன்ற உயர்மலைப் பகுதிப் படையினரின் உடை, உணவு, உறைவிடம் பற்றிய தணிக்கை அறிக்கை 2020 பிப்ரவரி 3ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் படித்தால் மனம் கனத்துப்போகும். 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை பல்பயன் பூட்ஸ் வாங்கப்படவே இல்லை. ஏற்கெனவே ஒருவர் போட்டுக் கழற்றிய பூட்ஸைச் சரிசெய்து அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பனிக்கண்ணாடித் தட்டுப்பாடு 62 சதவீதத்திலிருந்து 98 சதவீதம் வரை. முகமூடியும் தூக்கப்பையும் பழைய மாதிரியிலேயே வாங்கப்பட்டன. மாற்று உணவுப்பொருள் கொடுத்த வகையில் கலோரி அளவு சில இடங்களில் 82 சதவீதம் வரை குறைந்தது. அந்தப் பூட்ஸ் நம்மூர்ச் சரக்காக இருந்திருக்கும் என்று சொல்லவரவில்லை. உறைபனிப் பூட்ஸ் வேறு வகை. ஆனால் ஒரு பூட்ஸை இரண்டாவது கால் போட்டால் உள்ளே என்ன ஆகும் என்று தோலைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் காலின் அச்சு அதில் பதிந்திருக்கும். வியர்வை ஏறிய லைனிங் பழையபடி வெப்பம் காக்காது.

இந்த அறிக்கைக்கு இராணுவத் தரப்பு சொன்ன பதில்தான் என் வாதத்துக்கு மையம். அறிக்கை கொஞ்சம் பழையது, 2015-16 முதல் 2017-18 வரையிலான நிலவரத்தைச் சொல்வது, இப்போது நிலைமை தேறிவிட்டது என்றார் அன்றைய தரைப்படைத் தளபதி நரவணே. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சங்கடம். தணிக்கை என்பதே பழையதைப் பார்ப்பது. 2015ஆம் ஆண்டுக் குளிரில் பூட்ஸ் கிடைக்காதவனுக்கு 2020இல் நியாயம் பேசினால் அவன் காலுக்கு என்ன பயன்? 'பழைய கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடிய மேற்பார்வையை மேற்பார்வை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அறிக்கை வந்து நான்கு மாதத்தில் லடாக் எல்லையில் சீனாவோடு கல்வான் மோதல். அந்தக் குளிர்காலத்துக்குப் பல்லாயிரம் வீரர்களைக் கூடுதலாக மலைமேல் நிறுத்தவேண்டி வந்தபோது, கடுங்குளிர் உடைகளை அமெரிக்காவிடமிருந்து அவசர அவசரமாக வாங்கினோம். அவசரத்தில் வாங்குகிறவன் விலை பேச முடியாது. இது வியாபாரத்தின் முதல் பாடம்.

பெரிய கொள்முதல்களின் வரலாறும் இதே தாளத்தில்தான் போகிறது. 1948இல் லண்டனில் தூதராக இருந்த கிருஷ்ண மேனன் ஏற்பாட்டில் ஜீப்புகள் வாங்கப்பட்டன. வந்து இறங்கிய 155 ஜீப்புகள் ஓடும் நிலையில் இல்லை. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, பொதுக் கணக்குக் குழு தலையிட்டது. 1955இல் உள்துறை அமைச்சர் பந்த், அரசைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்தது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு மேனன் மத்திய அமைச்சர். 1962இல் அவரே பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது வடகிழக்கு எல்லையில் நம் படைவீரர்கள் பருத்தி உடையிலும் கேன்வாஸ் காலணியிலும் பனிமலை ஏறினார்கள்.

போஃபர்ஸ் உங்களுக்குத் தெரிந்த கதை, சுருக்கமாகத் தொட்டுப்போகிறேன். 1986 மார்ச்சில் 1,437 கோடி ரூபாய்க்குப் பீரங்கி ஒப்பந்தம். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி சொல்லித்தான் நாட்டுக்கு லஞ்ச விஷயம் தெரிந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது, எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் புறக்கணித்தன. சங்கரானந்த் தலைமையிலான குழு 1988இல் அரசுக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. அதில் மாறுபட்டுக் குறிப்பு எழுதியவர் அதிமுகவின் ஆலடி அருணா, நம் தமிழ்நாட்டுக்காரர். ஆளும் கட்சியின் கூட்டணியில் இருந்துகொண்டே அப்படி எழுதுவதற்கு முதுகெலும்பு வேண்டும். 1989 ஜூலையில் தணிக்கை அறிக்கை கொள்முதல் நடைமுறையில் குறைகளைக் காட்டியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள். கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் அவையைவிட்டே வெளியே போனார்கள்.

ரஃபேல் போர்விமான ஒப்பந்தம் இன்னும் விசித்திரம். 2018 டிசம்பர் 14ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், விலை விவரம் தணிக்கையாளரிடம் கொடுக்கப்பட்டது, அவர் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு பரிசீலித்தது என்று ஒரு வாக்கியம் எழுதியது. குழுவின் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன் கார்கே, அப்படி ஒரு அறிக்கையே எங்களிடம் வரவில்லை என்றார். உண்மையில் அது இரண்டு மாதம் கழித்து, 2019 பிப்ரவரி 13ஆம் தேதிதான் அவைக்கு வந்தது, அதுவும் விலைகளை மறைத்து. மூடிய உறையில் தந்த குறிப்பை நீதிமன்றம் தவறாகப் படித்துவிட்டது என்று அரசு திருத்தம் கேட்டது. விசாரணை தேவையில்லை என்ற தன் முடிவை நீதிமன்றம் 2019 நவம்பரில் உறுதிசெய்தது. அந்த ஒப்பந்தத்தின் நன்மை தீமைக்குள் நான் போகவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் 'நாடாளுமன்றம் பார்த்திருக்கும்' என்று நம்பிய ஒன்றை நாடாளுமன்றம் பார்த்திருக்கவில்லை. என் அக்கறை அந்த ஒரு வாக்கியத்தோடு நிற்கிறது.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு, கேட்க வேண்டியவை. முதலாவது இரகசியம். எதிரி படிப்பான், ஆகவே பேசாதே. போர்த்திட்டத்துக்கு இது சரி. எத்தனை ஜோடி பூட்ஸ் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பதைக்கூடப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். குழுவின் கூட்டம் மூடிய அறையில்தானே நடக்கிறது? அங்கே சொல்லலாமே. நம் நாட்டில் இரகசியம் என்ற சொல் எதிரியிடமிருந்து மறைப்பதைவிட நம்மிடமிருந்து மறைப்பதற்கே அதிகம் உதவியிருக்கிறது. 1962 சீனப் போர்த் தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிட முடியாது, அதற்கு இன்றும் இராணுவ மதிப்பு இருக்கிறது என்று 2010இல் அமைச்சர் ஏ.கே. அந்தோணி சொன்னார். நான்கு ஆண்டில் அதன் ஒரு பகுதியைப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இணையத்தில் போட்டார். உலகமே படித்தது, நாடாளுமன்ற மேசைக்கு மட்டும் அது வரவில்லை. பாதுகாப்புத் துறைத் தணிக்கை அறிக்கைகள் அவையில் வைக்கப்பட்ட பிறகும் தணிக்கைத் துறையின் இணையதளத்தில் ஏற்றப்படாத காலமும் உண்டு. அவைக்கு வந்த காகிதத்தை யாராவது தேடிக் காப்பாற்றாவிட்டால் அது காணாமல் போகும். நெருக்கடிநிலை பற்றிய ஷா கமிஷன் அறிக்கை அப்படித்தான் கண்ணில் படாமல் போனது; தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டு அதை 2010இல் மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தவர் முன்னாள் எம்பி இரா. செழியன். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 2017இல் மறைந்ததும் இதே வேலூரில்.

மேற்பார்வையும் பாதுகாப்பும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட எந்த இராணுவக் கொள்முதலும் கையெழுத்தாவதற்கு முன் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவுசெலவுத் திட்டக் குழு முன்னால் வந்தாக வேண்டும். படைவீரர்களின் குறைகேட்கவே நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் ஆண்டுதோறும் அறிக்கை தருகிறார். குளிர் உடை போதவில்லை, கூடாரம் இல்லை, கவச உடை இல்லை என்று பகிரங்கமாகவே எழுதுகிறார். அதனால் அந்த நாடு அழிந்துவிடவில்லை. 'போர் நடக்கும்போது கேட்கலாமா' என்பவர்களுக்கு 1855ஐ நினைவூட்டலாம். கிரிமியாவில் படை உறைந்து செத்துக்கொண்டிருந்தபோது, அதன் நிலையை விசாரிக்கக் குழு வேண்டும் என்ற உறுப்பினர் ரோபக்கின் தீர்மானம் பிரிட்டிஷ் மக்களவையில் 305-148 என்று நிறைவேறி, அபர்டீன் அமைச்சரவை கவிழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செபஸ்தபோல் வீழ்ந்தது. கேள்வி கேட்டதால் போர் தோற்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. போஃபர்ஸ் கூச்சலுக்குப் பிறகு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடத் துணியவில்லை. புதிய பெரிய பீரங்கிக்கான ஒப்பந்தம் அமெரிக்க எம்777க்கு 2016 நவம்பரில்தான் கையெழுத்தானது. முப்பது ஆண்டு இடைவெளி. கார்கிலில் நம்மைக் காத்தது அந்தப் பழிசுமந்த போஃபர்ஸ்தான். ஆகவே மேற்பார்வை படையை முடக்கும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடக்கியது எது? கையெழுத்துக்கு முன் கேட்ட கேள்வியா, ஊழல் வெடித்த பின் வந்த பயமா? நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் போடுவது, கோப்பை மேலே தள்ளிக்கொண்டே போவது, ஒரே டெண்டர் வந்தால் ரத்து செய்வது எல்லாம் பயத்தின் குழந்தைகள். இடைத்தரகர் உண்டா, விலை எப்படி நிர்ணயமானது, போட்டியாளரின் பீரங்கி ஏன் பின்னுக்குப் போனது என்று 1986 பிப்ரவரியில் ஒரு குழு மூடிய அறையில் கேட்டுப் பதிலைப் பதிவுசெய்திருந்தால், கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கே அது கவசமாக இருந்திருக்கும். ஆம்பூரில் க்யூசி ஒப்பம் வைத்த சரக்கு திரும்பி வந்தால் பழி முழுவதும் டேனரிமேல் விழாது என்பது போல.

எம்பிக்களுக்கு இராணுவம் தெரியாது என்பது மூன்றாவது. தெரியாதுதான். நிதியமைச்சர்களில் எத்தனை பேருக்கு வரிக்கணக்கு எழுதத் தெரியும்? தெரிந்தவரை அழைத்துக் கேட்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. இராணுவத்துக்குப் பூட்ஸ் தைக்கும் கான்பூர் தொழிற்சாலையும் உடை தைக்கும் ஆவடித் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. அந்த மாற்றத்துக்குப் பிறகு தரம் ஏறியதா இறங்கியதா, தனியாரிடமிருந்து வாங்கலாம் என்று திறந்துவிட்ட பொருள்களில் போட்டி உண்மையிலேயே வந்ததா, சிப்பாய்க்கு 2017 முதல் ஆண்டுதோறும் உடைப்படி கொடுப்பதால் அவன் சந்தையில் எதை வாங்கிப் போடுகிறான்? இவற்றைக் கேட்க இராணுவக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. குழுவுக்கு வேண்டியது ஓராண்டுக்குப் பதில் ஐந்தாண்டு ஆயுளும் நாலைந்து நல்ல ஆய்வாளர்களும்தான்.

இந்தப் பாலாற்றங்கரையிலிருந்து நாட்டுக்குப் போன ஒரு கோட்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். டேனரிக் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேடு நிரூபணமாகும் வரை காத்திருக்காதே, முன்னாலேயே தடு. 'கேடு வராது' என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்பவனுடையது. இன்று நாட்டின் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் வேலூர் என்ற பெயர் வராமல் இருப்பதில்லை. ஆனால் அந்தக் கோட்பாடு நமக்கே பிந்தித்தான் வந்தது. நிலம் உப்பாகிப் போன பிறகு தீர்ப்பு. தீர்ப்புக்குப் பிறகும் இழப்பீட்டுக்காக அலைச்சல். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அதே பகுதியின் இழப்பீட்டைப் பற்றி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. பிந்திய விசாரணையின் விலை என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். அந்தக் கோட்பாட்டைப் பாதுகாப்புக் கணக்குக்கும் நீட்டுங்கள் என்பதே என் கோரிக்கை. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் நிலைக்குழு முன்னால் வரட்டும். பாதுகாப்பு மானியம் எந்த ஆண்டும் கில்லட்டினுக்குப் போகக்கூடாது என்று அவை விதி செய்துகொள்ளட்டும். 'அன்றாட நிர்வாகம்' என்ற வேலிக்குள்ளிருந்து சிப்பாயின் உடையையும் உணவையும் வெளியே எடுக்கட்டும்.

இவை நடக்க நாளாகும். அதுவரை, வேலூர், அரக்கோணம் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆம்பூரும் வாணியம்பாடியும் குடியாத்தமும் ஒருவரிடம் இருக்கின்றன; இராணிப்பேட்டையும் ஆற்காடும் மற்றவரிடம். அடுத்த பிப்ரவரியில் மானியக் கோரிக்கைப் புத்தகம் உங்கள் கைக்கு வரும். ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: வருகிற நவம்பரில் மலை ஏறப்போகும் வீரர்களுக்கு வேண்டிய பூட்ஸில், இன்றைய தேதியில், எத்தனைக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது?